தில்லி இரும்புத் தூணின் நிறை

1. தோற்றுவாய்

வரலாற்று நூல்களில் வரும் மன்னர் பெயரையும் ஆட்சியாண்டையும் பற்றி வழக்கிடும் நாம், அந்நூல்களில் வரும் நிறையையும் நீளத்தையும் பற்றி வழக்கிடுதல் அரிது. எண் ஒன்று அச்சேறிவிட்டால், அஃது அளந்து பெற்ற எண்ணே எனக் கொண்டு மேற்செல்கின்றோம். ஆனால், அளந்து பெற்ற எண், கணித்துப் பெற்ற எண், கேட்டுப் பெற்ற எண் என எண்கள் மூவகைப்படும். நூலில் இம்மூன்றும் ஒரே வடிவில் நிற்பதால் ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறிதல் எளிதன்று. பிரித்தறியாதவிடத்து விளையும் பிழை எத்துணைப் பெரிதாகும் என்பதற்குத் தில்லி இரும்புத் தூண் தக்கதோர் எடுத்துக்காட்டு.

தில்லியை அடுத்த மெஹ்ரௌலியில், குதுப் மினார் நிற்கும் வளாகத்தில், குவ்வத்துல் இஸ்லாம் பள்ளிவாசலின் முற்றத்தில் இத்தூண் நிற்கின்றது. இதன் நிறை 17 டன்னுக்கு மேற்பட்டது என்று 1871இல் வெளிவந்த தொல்லியல் அளவை அறிக்கை கூறிற்று. இக்கால நூல்கள் 6 டன்னுக்குச் சற்று மேற்பட்டது என்கின்றன. இடைப்பட்ட காலத்தில் தூண் தேயவுமில்லை. அதனை எவரும் வெட்டிக் கொண்டு செல்லவுமில்லை. இரண்டு எண்களும் துலாக்கோலில் ஏற்றிக் கண்டவையல்ல, கணித்துப் பெற்றவையே. அங்ஙனமாயின் 11 டன் இரும்பு எங்கிருந்து வந்தது, எங்கே சென்றது என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகும் வினா.

2. தூணும் அதன் எழுத்தும்

தூணின் முழு நீளம் 7.21 மீட்டர், பழைய அளவில் 23 அடி 8 அங்குலம். அடியில் பருத்து மேற்செல்லச் செல்லச் சிறுத்து, உச்சியில் மணி வடிவான போதிகையோடு முடிகின்றது. இதன்மேல் வடமொழியில் ஆறு வரிகள் கொண்ட கல்வெட்டுப் போன்ற பொறிப்பு ஒன்று உளது. எழுத்துக் குப்தர் காலப் பிராமி. ஜேம்ஸ் பிரின்செப் 1838இல் இதனைப் படித்து வெளியிட்டார். பின்னர்ப் பிளீட்டு 1888இல் குப்தர் கல்வெட்டுத் தொகுதியில் திருத்திய பதிப்பினைத் தந்தார்.

பொறிப்புச் சந்திரன் என்னும் மன்னனின் வெற்றிகளைக் கூறி, அவன் விஷ்ணுபதம் என்னும் குன்றின்மேல் திருமாலின் கொடித்தூணாக இதனை நாட்டினான் என்று முடிகின்றது. ஆண்டு குறிக்கப்படவில்லை. இச்சந்திரன் குப்தப் பேரரசன் இரண்டாம் சந்திரகுப்தனே என்பது இன்று பெரும்பாலோர் கொண்ட முடிபு. அங்ஙனமாயின் தூணின் காலம் கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியோ ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கமோ ஆகும். விஷ்ணுபதம் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மெஹ்ரௌலி அன்று, வேறிடத்திலிருந்தே தூண் இங்குக் கொணரப்பட்டது என்பார் பலர். விதிசைக்கு அருகில் உள்ள உதயகிரியே அவ்விடம் என்பது அண்மைக் காலத்தில் கான்பூர்த் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் பாலசுப்பிரமணியம் முதலியோர் வலியுறுத்திய கருத்து. தூணை இடம் பெயர்த்தனர் என்று கொள்ளுமிடத்து அதன் நிறையும் நீளமும் வெறும் வியப்புச் செய்திகளாக நில்லாமல் வரலாற்றுச் சான்றுகளாகிவிடுதல் காண்க.

3. தூணின் பொருள் யாது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தூணைக் கண்டோர் பலர் இதனை இரும்பு என்று துணியவில்லை. பல உலோகம் கலந்து வார்த்தது என்றும், வெண்கலம் என்றும் எழுதினர். பன்னூறாண்டு வெயிலிலும் மழையிலும் நின்றும் துருவேறி அழியாமையும், மேற்பரப்பில் தோன்றும் மஞ்சள் கலந்த கருநிறமும் அவர்களை அங்ஙனம் எண்ணச் செய்தன. இரும்பின் இயல்பு துருப்பிடித்தல், இது துருப்பிடிக்கவில்லை, ஆதலின் இஃது இரும்பன்று என்பது அவர்கள் கொண்ட அளவை. அலெக்சாண்டர் கன்னிங்காமும் தம் முதல் அறிக்கையில் இதனைக் கலப்பு உலோகத்தால் வார்த்த தூண் என்றே குறித்தார். ஆங்காங்குக் காணப்படும் பிளவுகளை வார்ப்பின் குறைகள் என்று கருதினார்.

எனினும் அவர் ஐயத்தோடு நின்றுவிடவில்லை. தூணின் கரடுமுரடான அடிப்பகுதியிலிருந்து சிறு துண்டு ஒன்றைப் பெற்று, ரூர்க்கிக் கல்லூரியில் பணியாற்றிய மர்ரே தாம்சன் என்னும் அறிஞருக்கு அனுப்பினார். தாம்சன் தந்த விடை இரண்டு கூறுகளையுடையது: ஒன்று, இது கலப்பற்ற தேனிரும்பு, மற்றொன்று, இதன் ஒப்படர்த்தி 7.66.

ஒப்படர்த்தி என்பது ஒரு பொருள் தன் கன அளவுள்ள நீரைக் காட்டிலும் எத்தனை மடங்கு நிறையுடையது என்பதைக் காட்டும் எண். துண்டினைக் காற்றில் ஒருமுறையும் நீரில் அமிழ்த்தி ஒருமுறையும் நிறுத்து, நீரில் குறைந்த நிறையால் காற்றில் கண்ட நிறையை வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். துண்டு சிறிதாயினும் பெரிதாயினும் எண் மாறுவதில்லை. குன்றிமணி அளவு துண்டு கிடைப்பினும் அது பெருந்தூணின் பொருளுக்குச் சான்று கூறவல்லது என்பதே இம்முறையின் சிறப்பு.

தூய இரும்பின் ஒப்படர்த்தி 7.87. வெண்கலம் 8.8 அளவினது, பித்தளை 8.4க்குக் குறையாது, வார்ப்பிரும்பு 7.2 அளவினது. தாம்சன் கண்ட 7.66 வெண்கலத்திற்கும் பித்தளைக்கும் மிகத் தாழ்ந்தது. வார்ப்பிரும்பிற்கு மிக உயர்ந்தது. ஆகவே தூண் கலப்பு உலோகமும் அன்று. வார்த்த இரும்பும் அன்று. உலையில் இளக்கி, சம்மட்டியால் அடித்து உருவாக்கிய தேனிரும்பே என்பது வேதியியல் ஆய்வாலும் அடர்த்தியாலும் ஒருங்கே உறுதிப்பட்டது.

தூய இரும்பின் 7.87க்கும் தாம்சன் கண்ட 7.66க்கும் உள்ள இடைவெளியும் பொருளற்றதன்று. பண்டை உலைகளில் இரும்பு முற்றும் உருகி ஓடுவதில்லை. தூய இரும்பு உருகுதற்கு 1538 பாகை வெப்பம் வேண்டும். கரியும் துருத்தியும் கொண்டு எழுப்பிய வெப்பம் அத்துணை எட்டுவதில்லை. கல்லிலிருந்து பிரிந்த இரும்பு பஞ்சு போன்ற கட்டியாய்த் திரளும். கொல்லர் கிட்டம் என்று வழங்கும் கசடு மட்டும் அவ்வெப்பத்தில் உருகி, ஒரு பகுதி வடிந்தும் ஒரு பகுதி கட்டியினுள்ளே சிக்கியும் நிற்கும். கட்டியை மீண்டும் மீண்டும் காய்ச்சிச் சம்மட்டியால் அடிக்குந்தோறும் கசடு பிதுங்கி வெளியேற, கட்டி சிறுத்து அடர்த்தி மிகும். கசட்டின் ஒப்படர்த்தியை 4 எனக் கொண்டு கணித்தால், தாம்சன் ஆராய்ந்த துண்டில் கன அளவில் நூற்றுக்கு 5 பங்கிற்குச் சற்று மேலாகக் கசடு இருந்திருத்தல் வேண்டும். 1912இல் ராபர்ட் ஹாட்பீல்டு வேறொரு துண்டினை ஆராய்ந்து, இரும்பு நூற்றுக்கு 99.72 பங்கும், கரி 0.08 பங்கும், பாஸ்பரம் 0.114 பங்கும் உள்ளமை கண்டார். அவர் கண்ட ஒப்படர்த்தி 7.81. இத்துண்டில் கசடு நூற்றுக்கு 2 பங்கினும் குறைவாகும். இரு துண்டுகளும் ஒரே தூணைச் சார்ந்தவை. எனினும் அடர்த்தி ஒன்றன்று. தனித்தனியே அடித்த கட்டிகள் பலவற்றைக் காய்ச்சி ஒட்டிச் செய்த தூணில் இவ்வேறுபாடு எதிர்பார்க்கத் தக்கதே.

4. பதினேழு டன் பிறந்த வகை

இனி நிறைக்கு வருவோம். கன்னிங்காம் தம் கணக்கின் படிகளை மறைக்காமல் எழுதியுள்ளார். அதனாலேயே அக்கணக்கினை நாம் இன்று மீட்டும் செய்து பார்க்க இயல்கின்றது. தரைக்கு மேல் உள்ள உயரம் 22 அடி. அதில் வழவழப்பான தண்டு 15 அடி, போதிகை மூன்றரை அடி, கீழுள்ள கரடுமுரடான பகுதி மூன்றரை அடி. தண்டின் குறுக்களவு கீழே 16.4 அங்குலம், மேலே 12.05 அங்குலம். இவை அளந்து பெற்ற எண்கள்.

தரைக்குக் கீழே உள்ள நீளத்தை அவர் அளக்கவில்லை. அண்மையில் 26 அடி ஆழம் வரை அகழ்ந்தும் அடி காணப்படவில்லை என்கின்றார். அத்துணை அகழ்ந்தும் தூண் அசையவில்லை என்று சொல்லப்படுவதாகவும் குறிக்கின்றார். எனவே, முழு நீளம் 48 அடிக்கு மேற்பட்டது என்பது உறுதியாகும் என்றும், 60 அடிக்குக் குறையாது என்பது பெரிதும் பொருந்தும் என்றும் முடிவு கட்டுகின்றார். இதன் பின்னரே 80 கன அடி உலோகம் என்றும், 17 டன்னுக்கு மேற்பட்ட நிறை என்றும் கூறுகின்றார்.

இக்கணக்கினைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காண்போம். தரைக்குக் கீழே 38 அடி, அடிக்குறுக்களவு மாறாமல் செல்வதாகக் கொண்டால் 56 கன அடி. கரடுமுரடான பகுதி 5 கன அடி. வழவழப்பான தண்டு 17 கன அடி. போதிகைக்கு 3 கன அடி கொண்டால், ஆகத் தொகை ஏறத்தாழ 80 கன அடி. நீர் ஒரு கன அடிக்கு 62.4 பவுண்டு, அதனை 7.66ஆல் பெருக்க இவ்விரும்பு ஒரு கன அடிக்கு 478 பவுண்டு. 80 கன அடிக்கு 38,200 பவுண்டுக்குச் சற்று மேல். 2,240 பவுண்டு ஒரு டன் ஆதலின் 17 டன்னும் சிறிது மிகுதியும் ஆகும். கன்னிங்காமின் எண் அப்படியே கிடைத்துவிடுகின்றது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. ஒன்று, தூணைக் கலப்பு உலோகம் என்று எழுதிய அதே இடத்தில் அவர் நிறையைக் கணித்தது இரும்பின் அடர்த்தி கொண்டே. வெண்கலத்தின் அடர்த்தி கொண்டிருப்பின் 19 டன்னுக்கு மேல் வந்திருக்கும். சொல் பழைய கருத்தினைச் சுமந்து நிற்க, எண் புதிய உண்மையைச் சார்ந்து நிற்கின்றது. மற்றொன்று, அவர் கூட்டலிலும் பெருக்கலிலும் பிழையில்லை, அடர்த்தியிலும் பிழையில்லை. ஆயினும் 80 கன அடியில் 56 கன அடி, அஃதாவது 17 டன்னில் ஏறத்தாழ 12 டன், எவரும் கண்ணாற் கண்டிராத இரும்பு.

5. மண்ணுக்குள் இருந்த உண்மை

1871இல் கன்னிங்காமின் துணைவர் பெக்ளர் தூணின் அடியை அகழ்ந்து பார்த்தார். 26 அடிக்குக் கீழும் சென்றுகொண்டே இருக்கும் என்று எண்ணிய தூண், சில அடி ஆழத்திற்குள்ளேயே முடிந்துவிட்டது. அடி வெங்காயம் போல் 2 அடி 4 அங்குலக் குறுக்களவிற்குப் பருத்து, இரும்புக் கம்பிகளாலாய சட்டகத்தின்மேல் அமர்ந்திருந்தது. கம்பிகள் ஈயம் கொண்டு கற்றளத்தில் பதிக்கப்பட்டிருந்தன. இச்செய்தி அளவைத் துறையின் பின்வந்த தொகுதியிலேயே வெளியிடப்பட்டது. தம் கூற்றினை மறுக்கும் அகழ்வினைத் தம் மேற்பார்வையிலேயே நிகழ்த்தி, அதன் முடிவினைத் தம் துறையின் வெளியீட்டிலேயே இடம்பெறச் செய்த கன்னிங்காமின் நேர்மை போற்றத்தக்கது.

அங்ஙனமாயின் 26 அடி அகழ்வு என்னும் செய்தியை என்னென்பது? அவ்வகழ்வு தூணின் அடியை ஒட்டி நிகழ்ந்திருப்பின் தொடக்கத்திலேயே அடி தென்பட்டிருக்கும், தூணும் சாய்ந்திருக்கும். ஆகவே அது தூணை விட்டு விலகி அகழ்ந்த குழியைப் பற்றியதாகவோ வாய்வழி வளர்ந்த செய்தியாகவோ இருத்தல் வேண்டும். இத்தூணைப் பற்றி வட நாட்டில் வழங்கும் பழங்கதை ஈண்டு நினைக்கத்தக்கது. தூணின் அடி நிலத்தைத் தாங்கும் வாசுகியின் தலையில் ஊன்றியிருந்தது என்பதும், தோமர மன்னன் ஒருவன் ஐயுற்றுப் பெயர்த்துப் பார்க்க, அடியில் குருதி படிந்திருந்தது என்பதும், மீண்டும் நட்டபோது தூண் தளர்ந்தே நின்றமையின் ஊருக்குத் தில்லி எனப் பெயர் வந்தது என்பதும் அக்கதை. அடி காணவியலாத தூண் என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் முன்னரே வேரூன்றியிருந்தது. அவ்வெண்ணத்தோடு பொருந்திய செய்தி ஆராய்ச்சியாளரிடமும் எளிதில் ஏற்புப் பெற்றது என்று கருத இடமுண்டு. கதையை நம்பாதவரும் கதை வெட்டிய வழியிலேயே நடந்துவிடுதல் உண்டு.

புதிய அளவினைக் கொண்டு கணக்கினைத் திருத்துவோம். தரைக்கு மேல் முன்போலவே 5, 17, 3 ஆக 25 கன அடி. தரைக்குக் கீழே 1 அடி 8 அங்குல நீளமுள்ள பருத்த அடிப்பகுதிக்கு 5 கன அடிக்கு மேற்படாது. ஆகத் தொகை 30 கன அடி. 478ஆல் பெருக்க 14,340 பவுண்டு, அஃதாவது 6.4 டன், மெட்ரிக் அளவில் ஏறத்தாழ 6,500 கிலோகிராம். இக்கால நூல்கள் கூறும் அளவோடு இது முற்றும் ஒத்து நிற்கின்றது.

6. இரு ஐயங்களின் அளவு

இவ்வரலாற்றில் நாம் கருத்திற் கொள்ள வேண்டுவது ஒன்று உண்டு. அறிஞர்கள் பல்லாண்டுகள் வழக்கிட்டது தூணின் பொருள் பற்றி. இரும்பா வெண்கலமா என்னும் அவ்வழக்கில் தவறான பக்கத்தைக் கொண்டிருப்பினும், நிறையில் நேர்ந்திருக்கக்கூடிய பிழை நூற்றுக்கு 15 பங்கே. தாம்சன் கண்ட அடர்த்தியைக் கொள்வதா, ஹாட்பீல்டு கண்டதைக் கொள்வதா என்னும் வினாவால் விளையும் வேறுபாடு நூற்றுக்கு 2 பங்கு. நீளத்தைப் பற்றி அத்தகைய வழக்கு எழவில்லை. அங்கேயோ, உண்மை நிறையைப் போல் இரண்டரை மடங்கிற்கு மேற்பட்ட நிறை பிறந்தது.

ஐயம் எழுந்த இடத்தில் துண்டு வெட்டி அனுப்பி ஆய்வு நிகழ்ந்தது. ஆதலின் அங்குப் பிழை நிலைக்கவில்லை. ஐயம் எழாத இடத்தில் கேள்விச் செய்தி அளவையோடு கலந்து, அளவையின் மதிப்பினைத் தானும் பெற்றது. 7.66 என்னும் நுண்ணிய எண்ணால் பெருக்கப்பட்டமையின் 60 அடி என்னும் உன்னிப்பும் நுண்ணியது போல் தோன்றிற்று. ஒரு கணக்கின் உறுதி அதன் உறுதிமிக்க உறுப்பினைப் பொறுத்ததன்று. உறுதி குன்றிய உறுப்பினையே பொறுத்தது.

7. நிறை மாற மாறிய வரலாறு

நிறை குறைந்தமையால் தூணின் பெருமை குறைந்ததோ எனின், இல்லை. நம் கேள்விகள் திருந்தின. தூண் 20 முதல் 30 கிலோகிராம் வரை நிறையுள்ள இரும்புக் கட்டிகளைக் காய்ச்சி அடித்து ஒட்டிச் செய்யப்பட்டது என்பது பாலசுப்பிரமணியம் முதலியோர் ஆய்வின் முடிவு. கட்டி ஒன்றுக்கு 25 கிலோகிராம் எனக் கொண்டால் 6,500 கிலோகிராமுக்கு 260 கட்டிகள். அடிக்கும்போது உதிரும் இழப்பினைச் சேர்த்தால் அதனினும் மிகுதி. 17 டன் என்றிருப்பின் 700 அளவாகும். எத்தனை உலைகள், எத்தனைக் கரி, எத்தனைக் கொல்லர் என்று வினவும் பொருளியல் வரலாற்றாசிரியனுக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல.

அவ்வாறே தூணை இடம் பெயர்த்த செய்தியும். 38 அடி மண்ணுக்குள் புதைந்த 60 அடித் தண்டினைப் பெயர்த்தெடுத்து நெடுந்தொலைவு கொணர்தல் நம்பற்கரியது. ஏறத்தாழ 24 அடி நீளமும் 6 டன்னுக்குச் சற்று மேற்பட்ட நிறையும் உள்ள தூணை அங்ஙனம் கொணர்தல் இயலாததன்று. பிரோஸ் ஷா துக்ளக் பதினான்காம் நூற்றாண்டில் அசோகனின் கல்தூணைத் தோப்ராவிலிருந்து 42 சக்கரங்கள் கொண்ட வண்டியிலும் பின்னர்ப் படகிலும் ஏற்றித் தில்லிக்குக் கொணர்ந்தமையை ஷம்ஸ் சிராஜ் அஃபீப் எழுதியுள்ளார். அக்கல்தூண் இவ்விரும்புத் தூணினும் பன்மடங்கு நிறையுடையது. விஷ்ணுபதம் வேறிடம் என்னும் கருத்து நிறையால் மெய்ப்பிக்கப்பட்டது என்று யாம் கூறவில்லை. நிறையால் விலக்கப்படவில்லை என்பதே எம் துணிபு.

8. துருவும் நிறையும்

இத்தூணின் நிறையைக் கணித்தல் எளிதாயினமைக்குக் காரணம், அதன் இரும்பு பெரும்பாலும் இரும்பாகவே நிற்பது. பாஸ்பரம் மிகுந்த அவ்விரும்பின் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உண்டாகி, காற்றும் ஈரமும் உட்புகாவண்ணம் தடுக்கின்றது. தில்லியின் வறண்ட காற்றும் துணை செய்கின்றது. 1961இல் அடிப்பகுதியை அகழ்ந்தபோது மண்ணுக்குள் இருந்த பகுதியின்மேல் ஈயத் தகடு போர்த்தியிருந்தமை காணப்பட்டது.

மண்ணுக்குள் பன்னூறாண்டு கிடந்த பிற இரும்புப் பொருள்களின் நிலை வேறு. இரும்பு, காற்றோடும் ஈரத்தோடும் கூடித் துருவாகும்போது உயிர்வளியையும் நீரின் கூற்றினையும் ஏற்றுக்கொள்ளுகின்றது. ஆதலின் நிறை மிகுகின்றது. முற்றும் துருவாயின் 100 கிராம் இரும்பு ஏறத்தாழ 159 கிராம் துருவாகும். துருவின் அடர்த்தியோ இரும்பினும் மிகக் குறைவு. ஆகவே கன அளவு ஏறத்தாழ மூன்று மடங்காகப் பெருகும். பெருகிய துரு வெடித்து உதிர்வதும் உண்டு. உதிர்ந்தால் நிறை குறையும். எனவே, அகழ்வில் கிடைத்த வாளின் இன்றைய நிறை கொல்லன் செய்து தந்த வாளின் நிறையன்று. அதனினும் மிகுதியாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். இன்றைய பருமனும் பண்டைப் பருமனன்று.

தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுக்கு இச்செய்தி நேரே பயன்படுவது. அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் நிகழ்த்திய அகழ்வில் தாழிகளோடு இரும்புக் கருவிகள் மிகுதியாகக் கிடைத்தன. கொடுமணலில் இரும்புத் தொழில் நிகழ்ந்தமைக்குச் சான்றுகள் உள. இத்தகைய கருவிகளின் நிறையையும் கனத்தையும் கொண்டு, இவ்வளவு நிறையுள்ள வாளினை ஏந்திய வீரர் இத்துணை வலிமையர் என்று எழுதுவோர், துருவின் இயல்பினை முதலில் கருதுதல் கடன். எஞ்சிய உலோகம் எத்துணை, துரு எத்துணை என்று ஊடுகதிர் கொண்டு பிரித்தறிந்த பின்னரே அத்தகைய முடிவு கூறத் தகும்.

இதனினும் பெரிய பொருள் ஒன்று நம் முன் உளது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2025 சனவரியில் இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அதன்படி சிவகளையில் இரும்புப் பொருள்களோடு தொடர்புடைய கரித்துண்டுகளுக்குக் கி.மு. 3345 முதல் கி.மு. 2953 வரை காலக் கணிப்புகள் கிடைத்துள்ளன. தமிழகத்து இரும்பின் வரலாற்றினை நெடுங்காலம் முன்னே கொண்டு செல்லும் இச்செய்தி நமக்கு உவகை தருவது. உவகை தருவதாலேயே நம் பொறுப்பும் மிகுகின்றது. அளந்து பெற்றது கரியின் காலம். அக்கரியும் இரும்பும் ஒரே காலத்தில் ஒருங்கு இடப்பட்டன என்பது மண்ணடுக்கினையும் தாழியின் நிலையையும் கொண்டு துணியும் முடிபு. இரண்டும் சான்றுகளே, எனினும் ஒரு வகைச் சான்றுகள் அல்ல. இவற்றைத் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றின் உறுதியையும் தனித்தனியே காட்டுவதால் நம் வழக்கு வலுப்பெறுமேயன்றித் தளராது. தரைக்கு மேல் கண்ட 22 அடியையும் தரைக்குக் கீழ் உன்னித்த 38 அடியையும் கூட்டி 60 என்று எழுதிய பிழையை நாம் மீண்டும் செய்தல் ஆகாது.

9. நிறை எழுதும் முறை

நிறையை எங்ஙனம் எழுத வேண்டும் என்பதற்கு நாம் பிற நாட்டாரிடம் செல்ல வேண்டுவதில்லை. தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், கோயிலுக்கு அளித்த பொன்னையும் அணிகலன்களையும் பற்றிக் கூறும் முறை காண்க. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்தமையும், மணிகள் இழைத்த அணிகளைத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லால் நிறுத்தமையும் குறிக்கப்படுகின்றன. கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று நுண்ணளவு வரை நிறை கூறப்படுகின்றது. அதனோடு அமையாமல், அணியில் உள்ள சரடு நீக்கி நிறுத்ததா, அரக்கும் செப்பாணியும் உட்பட நிறுத்ததா என்பதும் எழுதப்படுகின்றது.

எந்தக் கல்லால் நிறுத்தோம், எதனை உட்படுத்தினோம், எதனை நீக்கினோம் என்னும் மூன்றனையும் கூறிய பின்னரே நிறை கூறுதல் அக்கோயிற் கணக்கரின் வழக்கமாயிருந்தது. பொன் அல்லாததைப் பொன்னின் நிறையில் சேர்த்துவிடலாகாது என்பதில் அவர்கள் கருத்தாயிருந்தனர். தில்லித் தூணின் கணக்கில் நேர்ந்ததும் அதுவே. கண்டதன் நிறையில் காணாததன் நிறை சேர்ந்துவிட்டது.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படும். தில்லித் தூணுக்குக் கூறப்பட்ட 17 டன் நிறை கணக்குப் பிழையால் தோன்றியதன்று. மண்ணுக்குள் 38 அடி உண்டு என்னும் கேள்விச் செய்தியாலும் உன்னிப்பாலும் தோன்றியது. தூணின் அடர்த்தியை அளந்தமையால் அதன் பொருள் பற்றிய ஐயம் தீர்ந்தது. அடியை அகழ்ந்தமையால் அதன் நீளம் பற்றிய மயக்கம் தீர்ந்தது. திருத்திய அளவின்படி அதன் நிறை ஏறத்தாழ 6,500 கிலோகிராம். இந்நிறை, தூண் வேறிடத்திலிருந்து கொணரப்பட்டது என்னும் கருத்திற்கு முரணாகவில்லை.

தொல்பொருள் பற்றிய எண் ஒன்றினைத் தம் ஆய்வில் எடுத்தாளும் முதுகலை மாணவர்கள், அவ்வெண்ணில் அளந்த பகுதி எது, கணித்த பகுதி எது, கேட்ட பகுதி எது என்று வினவிப் பழகுதல் வேண்டும். விடை கிடைக்காத எண்ணை விலக்க வேண்டும் என்பதில்லை; அதன் நிலையைக் குறித்தால் போதும். பின்வரும் ஒருவர் அகழ்ந்து பார்க்க வேண்டிய இடம் எது என்பதனை அக்குறிப்பே காட்டும்.